எந்த ஆண்டவர்? தமிழ் பைபிளில் திருப்பெயர்களைப் பிரித்து வாசிப்பது

சங்கீதம் 110-இன் முதல் வசனத்தை இரண்டு தமிழ் பைபிள்களில் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் புழங்கும் பழைய திருப்புதலில் “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி” என்று தொடங்கும். கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் “ஆண்டவர் என் தலைவரிடம்” என்று இருக்கும். முதல் பைபிளில் பேச்சைக் கேட்பவர் ஆண்டவர். இரண்டாவதில் பேசுபவரே ஆண்டவர். மூல வசனம் ஒன்றுதான், மொழிபெயர்ப்பிலும் பிழை இல்லை. ‘ஆண்டவர்’ என்ற சொல்லை இரு தரப்பாரும் வேறு வேறு எபிரேயச் சொல்லுக்கு ஒதுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இது தெரியாமல் இரண்டு பைபிளையும் கலந்து மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய. கூட்டு ஜெபத்துக்குத் தாள் அடிக்கும்போது ஒரு வசனத்தை இதிலிருந்தும் அடுத்ததை அதிலிருந்தும் எடுத்து ஒட்டினால், ஒரே பக்கத்தில் ‘ஆண்டவர்’ இரண்டு பொருளில் நிற்கும். ஆகவே முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம்.

எபிரேய பைபிளில் கடவுளைக் குறிக்க அடிக்கடி வருபவை மூன்று. ஒன்று, நான்கெழுத்துத் தனிப்பெயர்: யோத், ஹே, வாவ், ஹே. ஏறக்குறைய 6,800 தடவை வருகிறது. இதற்குப் பழைய திருப்புதல் ‘கர்த்தர்’ என்றும் 1995 பதிப்பு ‘ஆண்டவர்’ என்றும் போடும். இரண்டாவது ‘எலோஹீம்’, கடவுள் என்ற பொதுச்சொல். பழையதில் ‘தேவன்’, புதியதில் ‘கடவுள்’. மூன்றாவது ‘அதோனாய்’, அதாவது எஜமான், தலைவர். பழையதில் ‘ஆண்டவர்’, புதியதில் ‘தலைவர்’. சங்கீதம் 110-இல் இரண்டாவதாக வருவது இதே வேரிலிருந்து வரும் ‘அதோனீ’. அரசனையும் அப்படி அழைக்கலாம்.

கூட்டாக வரும் இடங்களில்தான் இந்தக் கணக்கு உதவும். ஆதியாகமம் முதல் அதிகாரம் முழுக்க ‘தேவன்’ மட்டுமே. 2:4-இல் சட்டென்று ‘தேவனாகிய கர்த்தர்’ ஆகிறது (1995: ‘ஆண்டவராகிய கடவுள்’). அங்கே பொதுச்சொல்லோடு தனிப்பெயர் சேர்கிறது. எசேக்கியேலில் திரும்பத் திரும்ப வரும் ‘கர்த்தராகிய ஆண்டவர்’ வேறு. அது அதோனாயும் நான்கெழுத்தும் சேர்ந்தது (1995: ‘தலைவராகிய ஆண்டவர்’). ‘ஆகிய’ என்ற ஒட்டைக் கண்டால் மூலத்தில் இரண்டு சொல் இருக்கிறது என்று கொள்ளலாம். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்த நான்கெழுத்தை எப்படி உச்சரிப்பது? தமிழ் படித்தவனுக்கு இதை விளக்குவது எளிது. பழைய எபிரேய எழுத்தில் இருப்பவை மெய்கள் மட்டும். உயிர் ஒலியை வாசிப்பவர் வாயால் கொடுக்க வேண்டும். ய், ஹ், வ், ஹ் என்று நான்கு மெய் இருக்கிறது, உயிர் எங்கே? பெயரை வீணாக வழங்கக் கூடாது என்ற கட்டளைக்கு அஞ்சி, யூதர்கள் வாசிக்கும்போது அந்த இடத்தில் ‘அதோனாய்’ என்று மாற்றிச் சொன்னார்கள். பிற்காலத்தில், ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில், மசோரெத்தியர் என்ற யூத எழுத்தர்கள் உயிர்க்குறிகளைப் போட்டபோது, இந்த நான்கு மெய்க்குக் கீழே அதோனாயின் உயிர்களை இட்டார்கள். ‘இங்கே அதோனாய் என்று வாசி’ என்பதற்கான நினைவூட்டல் அது. விஷயம் புரியாத ஐரோப்பியர் மெய்யையும் உயிரையும் கூட்டி வாசிக்க, ‘யெகோவா’ பிறந்தது. ஒரு சொல்லின் உடம்பில் இன்னொரு சொல்லின் உயிர். ‘யாவே’ என்பது அறிஞர்கள் மீட்டெடுத்த ஒலி. பழைய கிரேக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் எழுதிவைத்த ஒலிப்புகளும், ‘யா’ என்ற சுருக்க வடிவமும் அதற்கு ஆதாரம். அல்லேலூயாவின் கடைசியில் இருப்பது அந்த ‘யா’தான். ‘ஹல்லெலூ’ என்றால் துதியுங்கள்.

பழைய திருப்புதல் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ‘கர்த்தர்’ என்று போட்டாலும், பெயரே பேச்சுப்பொருளாக வரும் சில இடங்களில் ‘யேகோவா’ என்று விட்டுவைத்திருக்கிறது. யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18 பாருங்கள். நல்ல முடிவு. ‘கர்த்தர் என்னும் என் நாமத்தினால்’ என்று அங்கே போட்டிருந்தால் வசனம் படுத்துவிடும்.

பொருள் என்ன என்று கேட்டால் யாத்திராகமம் 3:14-க்குப் போக வேண்டும். “இருக்கிறவராக இருக்கிறேன்.” அடுத்த வரியில் “இருக்கிறேன் என்பவர் என்னை உங்களிடத்துக்கு அனுப்பினார்.” எபிரேயத்தில் இது ‘எஹ்யே’, தன்மை ஒருமை வினை. நான்கெழுத்துப் பெயரோ படர்க்கை வடிவம். அவர் தம்மைச் சொன்னால் ‘இருக்கிறேன்’, நாம் அவரைச் சொன்னால் ‘இருக்கிறார்’. தமிழ் வினைமுற்று இதை அப்படியே ஏந்திக்கொள்கிறது. ஒரு சங்கதி மட்டும் பலர் கண்ணில் படுவதில்லை. இரண்டு வசனத்துக்கு முன்னால், 3:12-இல், “நான் உன்னோடே இருப்பேன்” என்று வருகிறதே, அங்கேயும் அதே ‘எஹ்யே’தான். தத்துவத்தில் வரும் ‘உள்ளது’ என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தால் பாதிதான் கிடைக்கும். கூட இருப்பேன் என்ற வாக்கும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இனி ‘கர்த்தர்’. வடமொழியில் கர்த்தா என்றால் செய்பவன், ஆக்கியவன். இலக்கணத்தில் எழுவாய்க்கும் அந்தப் பெயர் உண்டு. கிரேக்கத்தில் யூதர்கள் நான்கெழுத்துக்குப் பதிலாக வாசித்த ‘கூரியோஸ்’ என்ற சொல்லுக்கோ எஜமான் என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஆண்டவர்’தான் கூரியோஸுக்கு நெருக்கம். ஆனாலும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஜெபத்தில் தேய்ந்த சொல்லுக்கு அகராதி கடிவாளம் போட முடியாது. கர்த்தர் என்றால் இன்று தமிழில் கிறிஸ்தவக் கடவுள், வேறு யாரும் இல்லை. தனிப்பெயர் இருந்த இடத்தில் தனிப்பெயர் போலவே ஆகிவிட்ட ஒரு சொல் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தம் வாய்த்திருக்காது.

கடவுள் என்ற பொதுச்சொல்லுக்குத்தான் தமிழில் பெரும்பாடு. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் ஜெப நூலின் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. அடுத்த நூற்றாண்டில் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நொபிலி வழியில் கத்தோலிக்கர் ‘சருவேசுரன்’ என்றார்கள். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கும் தம் புதிய ஏற்பாட்டில் அதையே எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் முடிந்த ஐக்கியத் திருப்புதல், அதாவது நாம் இங்கே பழைய திருப்புதல் என்று சொல்லிவருவது, ‘தேவன்’ என்று மாற்றியது. 1995இல் ‘கடவுள்’. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு சிக்கல் இருந்தது. சர்வேசுரனில் ஈசுவரன் தெரிகிறார். தேவன் என்றால் பல தேவர்களில் ஒருவர் என்று கேட்கிறது.

அந்தத் ‘தேவன்’ விஷயத்தில் ஓர் இலக்கண வேடிக்கை. எலோஹீம் வடிவத்தில் பன்மை, ஆனால் ஆதியாகமம் 1:1-இல் அதற்கு வரும் வினை ஒருமை. தமிழில் “தேவன் … சிருஷ்டித்தார்”: பெயர் ‘-அன்’ ஒருமை, வினை ‘-ஆர்’ மரியாதைப் பன்மை. கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ். ‘தேவர்’ என்று போட்டால் பலர் என்று படும் என்ற கவலைதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். கர்த்தருக்கு அந்தப் பயம் இல்லாததால் ‘-அர்’ தாராளமாக ஒட்டிக்கொண்டது.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் ‘கூரியோஸ்’ ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது: பழைய ஏற்பாட்டுத் தனிப்பெயருக்குப் பதில், இயேசுவின் பட்டம், வெறும் ‘ஐயா’. மொழிபெயர்ப்பாளர்தான் பிரிக்க வேண்டும். யோவான் 20:15-இல் மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்து அழைப்பதைப் பழைய திருப்புதல் “ஐயா” என்று போடுகிறது. சரி. ஆனால் 4:11-இல், இன்னார் என்றே தெரியாமல் கிணற்றடியில் பேசும் சமாரியப் பெண்ணின் வாயில் “ஆண்டவரே” என்று வைத்துவிட்டது. 1995 பதிப்பு அங்கும் “ஐயா” என்கிறது, அதுதான் கதையின் ஓட்டத்துக்குப் பொருத்தம். அவளுக்கு அவர் யார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தானே விளங்குகிறது?

பழைய திருப்புதல் வெல்லும் இடமும் உண்டு. ரோமர் 10:13, “கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்.” இது யோவேல் 2:32-இன் மேற்கோள். யோவேலில் இருப்பது நான்கெழுத்துப் பெயர். பவுல் அதை இயேசுவின்மேல் ஏற்றிப் பேசுகிறார். இரண்டு இடத்திலும் கர்த்தர் என்றே இருப்பதால், பவுல் செய்தது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது கொஞ்சம் கவனித்து வாசிக்கிறவருக்கே புரிந்துவிடும்.

அடுத்தது காலண்டர்களிலும் சுவர்ப் படங்களிலும் வரும் ‘யெகோவாவின் நாமங்கள்’ பட்டியல். யீரே, நிசி, ஷாலோம், ஷம்மா, ராப்பா, ரோஹி, சிட்கேனு என்று ஏழோ எட்டோ வரிசையாக இருக்கும். எல்லாம் கடவுளின் பெயர்கள் என்று மனப்பாடம் செய்துவைத்திருப்போம். வசனத்தைத் திறந்து பார்த்தால் கதை வேறு. யேகோவாயீரே ஓர் இடத்தின் பெயர்: “ஆபிரகாம் அந்த இடத்துக்கு” அப்படிப் பேரிட்டான் (ஆதியாகமம் 22:14). நிசி, மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் (யாத்திராகமம் 17:15). ஷாலோம், கிதியோன் கட்டிய பலிபீடம் (நியாயாதிபதிகள் 6:24). ஷம்மா, எசேக்கியேல் கண்ட நகரத்தின் பெயர், அந்தப் புத்தகத்தின் கடைசி வசனம். சிட்கேனு என்பது எரேமியா 23:6-இல் வரப்போகும் ராஜாவுக்கும், எபிரேய மூலத்தின்படி 33:16-இல் எருசலேமுக்கும் சூட்டிய பெயர். ராப்பாவும் ரோஹியும் பெயர்களே அல்ல, முறையே யாத்திராகமம் 15:26-இலும் சங்கீதம் 23:1-இலும் வரும் வாக்கியத் துண்டுகள்.

இதனால் அந்தப் பட்டியல் பொய் என்று சொல்ல வரவில்லை. ஓர் இடத்தில் கடவுள் செய்ததை மறக்காமலிருக்க அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள், அந்த நிகழ்ச்சியோடு வாசித்தால்தான் பெயருக்கு ருசி. நிகழ்ச்சியிலிருந்து பிடுங்கி ‘இந்தத் தேவைக்கு இந்தப் பெயர்’ என்று மருந்துச்சீட்டு போல் ஆக்கும்போதுதான் கோளாறு.

யீரேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர்ச்சொல்லுக்குப் ‘பார்’ என்பதுதான் நேர்ப்பொருள். பார்ப்பது எப்படித் தருவது ஆயிற்று என்று பிற மொழிக்காரர்கள் அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் அந்த வேலையே இல்லை. “தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்” என்று 22:8-இல் ஆபிரகாம் சொல்வதும், 22:14-இல் “பார்த்துக்கொள்ளப்படும்” என்று முடிவதும் ஒரே வினை, மூலத்தைப் போலவே. ‘நான் பார்த்துக்கிறேன், நீ போ’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதேதான். இவ்வளவு நல்ல சொல் கையிலிருக்க, ‘யெகோவாயீரே என்றால் எல்லாம் தருபவர்’ என்று தட்டையாக்கிச் சொல்வானேன்?

ராப்பா வரும் வசனமும் அப்படி: “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்.” பரிகாரி என்றதும் இன்றைய வாசகருக்கு ஜாதகப் பரிகாரம்தான் நினைவுக்கு வரும். பழந்தமிழ் வழக்கில் பரிகாரி என்றால் வைத்தியர், யாழ்ப்பாணத்தில் ‘பரியாரி’ என்பார்கள். சர்வவல்லவர் என்று மொழிபெயர்க்கப்படும் ‘எல்ஷடாய்’ பற்றி ஒரு வார்த்தை: அதன் வேர் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மேடையில் யாராவது ‘இதன் மூலப்பொருள் இதுதான்’ என்று அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இயேசு என்பது பெயர், கிறிஸ்து என்பது பட்டம். எல்லோரும் கேட்டதுதான், ஆனாலும் குடும்பப்பெயர் மாதிரியே பழகிவிட்டது. பவுல் ‘இயேசு கிறிஸ்து’ என்றும் ‘கிறிஸ்து இயேசு’ என்றும் மாற்றிப் போடுவதே அது பட்டம் என்பதற்கு அடையாளம். பெயர் எபிரேயத்தில் யெஹோஷுவா, சுருக்கமாக யேஷுவா. கிரேக்கத்தில் ஈயேசூஸ். தமிழ்க் கத்தோலிக்கருக்குப் போர்த்துக்கீசியர் வழியாகச் ‘சேசு’ ஆனது, சேசுராஜ், சேசு சபை என்று இன்னும் இருக்கிறது. யோசுவாவும் இதே பெயர்தான். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரே எழுத்து, எபிரெயர் 4:8-இல் இடம்பார்த்து மொழிபெயர்ப்பாளர்கள் யோசுவா என்று போடுகிறார்கள். அக்காலத்தில் சாதாரணமான பெயர் அது. கொலோசெயர் 4:11-இல் யுஸ்து எனப்பட்ட இன்னொரு இயேசு இருக்கிறார். அதனால்தான் ‘நசரேயனாகிய’ என்று ஊரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பொருள்: கர்த்தர் இரட்சிக்கிறார். மத்தேயு 1:21-இல் பெயரைச் சொன்ன கையோடு “அவர்களை இரட்சிப்பார்” என்று வருவது அந்தப் பொருளைத் தொட்டுத்தான்.

கிறிஸ்து கிரேக்கம், மேசியா எபிரேயம், இரண்டுக்கும் பொருள் எண்ணெய் பூசப்பட்டவர். அந்த எண்ணெய்க்கு அளவோடு செய்முறையே இருக்கிறது, யாத்திராகமம் 30:23 முதல்: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு குடம். மூலத்தில் அந்தக் குடம் ‘ஹின்’ என்ற அளவு, நான்கு லிட்டருக்குச் சற்று முன்பின். சேக்கல் ஏறக்குறைய 11.4 கிராம். கூட்டிப் பாருங்கள், 17 கிலோ வாசனைச் சரக்குக்கு நான்கு லிட்டர் எண்ணெய். இடித்துப் போட்டால் எண்ணெய் முழுவதையும் சரக்கே குடித்துவிடும். யூத ரபிகளே இதைக் கேட்டு, சரக்கைத் தண்ணீரில் ஊறவைத்து அதன்மேல் எண்ணெயை ஊற்றினார்களா, வேறு விதமா என்று தால்மூது என்ற யூதச் சட்ட விளக்கத் தொகுப்பில் விவாதித்திருக்கிறார்கள். இந்தத் தைலத்தை வீட்டு உபயோகத்துக்குச் செய்யக்கூடாது என்ற தடையும் அங்கேயே, 32, 33 வசனங்களில் இருக்கிறது. ஆசாரியருக்கும் ராஜாவுக்கும் எண்ணெய் பூசினார்கள், எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் செய்யும்படியும் கட்டளை உண்டு. ஏசாயா 45:1-இல் பாரசீக ராஜா கோரேசுக்கும் இதே பட்டம்! யூதரே அல்லாத ஒருவர் அபிஷேகம் பெற்றவர். பட்டம் என்பது செய்யக் கொடுத்த வேலையைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

‘மனுஷகுமாரன்’ (1995: மானிட மகன்) தாழ்மையைக் குறிக்கும், ‘தேவகுமாரன்’ தெய்வத்தன்மையைக் குறிக்கும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை. தானியேல் 7:13-இல் மனுஷகுமாரனைப் போன்றவர் வானத்து மேகங்களோடு வருகிறார். மாறாக, சங்கீதம் 2:7-இல் “நீர் என்னுடைய குமாரன்” என்பது முடிசூடும் ராஜாவுக்குச் சொன்னது.

‘அப்பா பிதாவே’ என்று மாற்கு 14:36-இல் படிக்கும்போது ‘அப்பா’ தமிழ் என்று தோன்றும். அது அரமேயம், ஒலியை அப்படியே எழுதியிருக்கிறார்கள். தற்செயலாக நம் அப்பாவும் அதே ஒலி. ‘ஆவி’யோ மூலத்தில் காற்று, மூச்சு என்ற பொருளுடையது. தமிழில் பேய்க்கும் இட்லிக்கும் அதே சொல் என்பதால்தானோ என்னவோ, 1995 பதிப்பு மரியாதை விகுதி சேர்த்துத் ‘தூய ஆவியார்’ என்றது. ஒரு காலத்துக் கத்தோலிக்கர் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று போர்த்துக்கீசியத்தையே சொல்லிவந்தார்கள்.

வழிபாட்டில் இதெல்லாம் எங்கே வந்து முட்டுகிறது? கத்தோலிக்கத் திருவழிபாட்டில் நான்கெழுத்துப் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று வத்திக்கான் 2008 ஜூனில் ஆயர்களுக்குக் கடிதம் அனுப்பியது. திருப்பலிக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு, ‘யாவே’ வரும் வரிகளை ‘ஆண்டவர்’ என்று மாற்ற வேண்டும். அசைக்கணக்கு இடிக்கும் என்பதால் மெட்டோடு பாடிப் பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது. அல்லேலூயாவுக்குப் பிரச்சினை இல்லை.

ஞானஸ்நானத்தில் இன்னும் கண்டிப்பு. மத்தேயு 28:19-இல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர், ஆனால் ‘நாமத்திலே’ என்பது ஒருமை, கிரேக்கத்திலும் அப்படியே. அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டி இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் சபைகள் அந்த ஒருமையைத்தான் தங்களுக்குச் சாதகமாக வாசிக்கின்றன: மூன்றுக்கும் ஒரே பெயர், அது இயேசு என்று. மற்றச் சபைகள் ஒப்புக்கொள்வதில்லை. வேறொரு பக்கம், ஆண்பால் சொற்களைத் தவிர்க்க நினைத்துச் சில நாடுகளில் ‘படைத்தவர், மீட்டவர், தூய்மையாக்குபவர் பெயரால்’ என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 2008இல் வத்திக்கான் அதைச் செல்லாது என்றது. அந்த மூன்றும் செய்யும் வேலையைச் சொல்பவை, ஆளைச் சொல்பவை அல்ல. அப்படிப் பெற்றவர்கள் திரும்பவும் முதலிலிருந்து ஞானஸ்நானம் பெற வேண்டும், நிபந்தனை சேர்க்காமல்.